கேரர்களுக்கான புதிய கொடுப்பனவு வந்தபின் சங்கத்தின் உதவி மேசை தாங்கவில்லை. எப்படி நடத்துவது?

தெற்குக்கரை (கிளாஸ்கோ) கேட்டது:

வணக்கம். ஸ்கொட்லாந்தில் ஆலோசனை வேலை செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குச் சனிக்கிழமைகளில் ஒரு உதவி மேசை உண்டு. தமிழ்ப் பள்ளி நடக்கிற அதே மண்டபத்தில், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, சில நாற்காலிகள், ஒரு மடிக்கணினி. நான், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கணக்காளர் ஒருவர் என்று மூன்று தொண்டர்கள். பல வருடங்களாக வந்த வேலை ஒரே மாதிரித்தான் இருந்தது. கவுன்சில் (உள்ளூராட்சி) வரிக் கடிதத்தை வாசித்துச் சொல்வது, ஜிபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) நேரம் எடுத்துக் கொடுப்பது, பஸ் பாஸுக்குப் படிவம் நிரப்புவது.

2024 நவம்பர் 4 முதல் கேரர்களுக்கு, அதாவது வீட்டில் இயலாத ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு, கேரர் சப்போர்ட் பேமெண்ட் ஸ்கொட்லாந்து முழுவதும் வந்தது. பழைய கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கிக்கொண்டிருந்தவர்களை பிரிட்டன் அரசின் டிடபிள்யூபி துறையிலிருந்து ஸ்கொட்லாந்து அரசின் சோஷியல் செக்யூரிட்டி ஸ்கொட்லாந்துக்கு அரசே மாற்றிவிட்டது. யாரும் புதிதாக விண்ணப்பிக்கத் தேவையில்லை, நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த மாற்றக் கடிதங்கள் வீடுகளுக்கு வரத் தொடங்கியதிலிருந்து எங்கள் மேசைக்கு முன்னால் வரிசை குறையவில்லை. ஒரு அம்மா கடிதத்தை வங்கிப் புத்தகத்தோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைப்பையின் உள் அறையில் வைத்துக் கொண்டுவந்தார். 'உங்கள் கேரர்ஸ் அலவன்ஸ் முடிவடைகிறது' என்ற வரியை மகன் வாசித்துச் சொல்லியிருக்கிறான். அதற்குக் கீழே 'அதற்குப் பதிலாக' என்று தொடங்கும் வரிக்கு அவன் போகவே இல்லை. காசு நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மா கடையில் மா வாங்குவதைக்கூடக் குறைத்திருக்கிறார்.

அந்த அலை ஓரளவு அடங்க, அடுத்தது வந்தது. 'கேரர்களுக்குப் புதிதாகக் காசு கொடுக்கிறார்களாம்' என்று வாட்ஸ்அப் குழுக்களில் பரவி, இதுவரை எதற்குமே விண்ணப்பிக்காதவர்கள் வருகிறார்கள். மாமியாரைப் பார்க்கிற மருமகள், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய், பக்கவாதம் வந்த மனைவியைப் பார்க்கிற எழுபது வயதுக்காரர். இவர்கள் வந்ததில் எனக்குச் சந்தோஷம். வருடக்கணக்காக வீட்டுக்குள்ளேயே கிடந்த கஷ்டம் இப்போதுதான் ஒரு மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறது. ஆனால் அவர்கள் கேட்கிற கேள்வி 'இதை வாசித்துச் சொல்லுங்கோ' இல்லை. 'நான் இதற்குப் போடலாமா, போட்டால் மற்றதெல்லாம் என்ன ஆகும்?' அதற்குப் பதில் சொல்ல எங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியவில்லை.

கேரர்களுக்கு உதவுகிற எங்கள் பகுதி கேரர்ஸ் சென்டரில் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கும் கூட்டம். தமிழ் மட்டும் பேசுகிறவர்களை அவர்கள் எங்களிடம் அனுப்புகிறார்கள். கணக்குப் பார்க்க வேண்டியவர்களை நாங்கள் அவர்களிடம் அனுப்புகிறோம். நடுவில் உதவி கேட்டு வந்தவர் பஸ்ஸில் அங்கும் இங்கும் அலைகிறார்.

ஆக, நாங்கள் பயிற்சி எடுத்து விண்ணப்பங்களை முழுதாகச் செய்வதா, அல்லது கடிதம் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்வதா? தவறான ஆலோசனை சொல்லி ஒரு குடும்பத்துக்கு நட்டம் வந்தால் சங்கம் பொறுப்பா? கவுன்சிலிடம் காசு கேட்க எங்களைப் போன்ற சின்ன சங்கத்துக்கு வழி இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பனிக்காற்று (அபர்டீன்):

அக்கா, ரொம்ப யோசிக்காதீர்கள். விண்ணப்பம் ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆன்லைனில் போடலாம், போனில் போடலாம், தாளிலும் போடலாம். வாரத்துக்கு 35 மணிநேரம் பார்க்கிறீர்களா, பார்க்கப்படுகிறவருக்கு டிஸ்எபிலிட்டி பெனிபிட் (இயலாமைக்கான அரசு உதவித்தொகை) இருக்கிறதா, சம்பளம் எல்லைக்குள் இருக்கிறதா, அவ்வளவுதான் முக்கியம். நான் என் தங்கைக்கு ஒரு சாயங்காலத்தில் முடித்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுவிடுங்கள், கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் என்ன போய்விடப் போகிறது?


சணல்நகர் (டண்டீ):

தெற்குக்கரை, நான் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் வெல்ஃபேர் ரைட்ஸ் (அரசு உதவித்தொகை உரிமைகள்) வேலை பார்க்கிறேன். கேரர் சப்போர்ட் பேமெண்ட் 2023 நவம்பரில் முதலில் தொடங்கிய மூன்று இடங்களில் டண்டீயும் ஒன்று. மற்ற இரண்டும் பெர்த் அண்ட் கின்ராஸ், மேற்குத் தீவுகள். அதனால் உங்களுக்கு இப்போது வருகிற அலை எங்களுக்கு ஒரு வருடம் முன்பே வந்துவிட்டது.

முதலில் பனிக்காற்று தம்பிக்கு ஒரு வார்த்தை. 'கிடைக்காவிட்டால் என்ன போய்விடப் போகிறது' என்பது இந்த ஒரு பெனிபிட்டில் மட்டும் சொல்லக் கூடாத பேச்சு. ஏனென்றால் இதில் ஒருவருக்குக் கிடைத்தால்தான் இன்னொருவருக்கு நட்டம் வரலாம். படிவம் சுலபம்தான். படிவத்துக்கு முன்னால் இருக்கிற கணக்குதான் கடினம், எங்களைப் போன்ற நிறுவனங்களின் நேரம் முழுவதும் அங்கேதான் போகிறது.

2025–26 தொகைகளை வைத்து ஒன்று சொல்கிறேன். ஒரு வயதான அம்மா கவுன்சில் வீட்டில் தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஓய்வூதியம் வாரம் 235 பவுண்ட். முதியவர்களுக்கான டிஸ்எபிலிட்டி பெனிபிட்டான அட்டெண்டன்ஸ் அலவன்ஸும் வருகிறது. தனியாக வாழ்கிறவர், டிஸ்எபிலிட்டி பெனிபிட் வாங்குகிறவர், அவரைப் பார்ப்பதற்காக யாருக்கும் கேரர் பெனிபிட் போகவில்லை. இந்த மூன்றும் இருப்பதால் வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட் கணக்கில் அவருக்கு 'சிவியர் டிஸ்எபிலிட்டி' கூடுதல் என்று வாரம் 82.90 பவுண்ட் சேரும். அடிப்படை 227.10, கூடுதல் 82.90, மொத்தம் 310 பவுண்ட். ஓய்வூதியம் 235 போக, மீதி 75 பவுண்ட் பென்ஷன் கிரெடிட்டாக வரும். அட்டெண்டன்ஸ் அலவன்ஸை இதில் வருமானமாக எடுக்க மாட்டார்கள்.

அடுத்த தெருவில் இருக்கிற மகள் தினமும் வந்து சமைத்து, குளிப்பாட்டி, மருந்து கொடுத்துப் போகிறாள். உங்கள் மேசைக்கு வருகிறாள். நீங்கள் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறீர்கள், வாரம் 83.30 பவுண்ட் கிடைக்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். அது கையில் கிடைக்கத் தொடங்கியதும் அம்மாவின் 82.90 போய்விடும். அவருக்கான எல்லை 227.10 ஆகிவிடும். ஓய்வூதியமே அதைத் தாண்டியிருப்பதால் பென்ஷன் கிரெடிட் முழுவதும் நிற்கும். அதோடு வாடகை உதவியையும் கவுன்சில் வரிக் குறைப்பையும் மீண்டும் கணக்குப் பார்ப்பார்கள். 75 வயதுக்கு மேல் என்றால் இலவச டிவி லைசென்ஸும் பென்ஷன் கிரெடிட்டை நம்பியே இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு நாள் கவுன்சிலிலிருந்து கடிதம் வரும், ஏன் என்று அவருக்கு விளங்காது. மகளும் தன்னால்தான் என்று அறிய மாட்டாள்.

இப்படி ஆகும் என்று தெரிந்தும் சில குடும்பங்கள் விண்ணப்பிக்கும். அது அவர்கள் முடிவு, அதற்கு நியாயமும் இருக்கலாம். மகள் வேலையைக் குறைத்தவள் என்றால் அவள் கைக்கு ஒரு காசு வருவதும், பிற்கால ஓய்வூதியத்துக்கு உதவும் நேஷனல் இன்ஷூரன்ஸ் கிரெடிட் சேருவதும் பெரிய விஷயம். ஆனால் தெரிந்து செய்ய வேண்டும். தாயும் மகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஓய்வூதிய வயதுக்குக் கீழே, வருமானம் குறைந்தவர்களுக்கான யூனிவர்சல் கிரெடிட் வாங்குகிறவர்களிடம் 'உங்களுக்கு இதில் பலன் இல்லை, ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துவிடுவார்கள்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பாதிதான் உண்மை. கேரர் சப்போர்ட் பேமெண்டை யூனிவர்சல் கிரெடிட்டில் பவுண்டுக்குப் பவுண்ட் கழிப்பது சரிதான். ஆனால் ஸ்கொட்லாந்தில் இதை வாங்குகிறவர்களுக்கு 2025-இல் இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும், கேரர்ஸ் அலவன்ஸ் சப்ளிமெண்ட் என்ற கூடுதல் தொகை வந்தது. ஒவ்வொரு முறையும் 293.50 பவுண்ட். அதை யூனிவர்சல் கிரெடிட்டில் கழிக்கவில்லை. இதைச் சொல்லாமல் அனுப்பியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு அந்த வருடம் 587 பவுண்ட் நட்டமாகியிருக்கும். அப்புறம், யூனிவர்சல் கிரெடிட்டில் கேரர் எலிமெண்ட் என்று ஒரு கூடுதல் தொகை தனியாக இருக்கிறது, 2025–26-இல் மாதம் 201.68 பவுண்ட். அதைக் கேட்டு வாங்காதவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அந்த எலிமெண்டை வாங்கினாலும் தனியாக வாழும் அம்மாவின் கூடுதல் போகும் என்பதையும் மறக்கக் கூடாது.

நீங்கள் சொன்ன எழுபது வயதுக்காரருக்கு வருவோம். அவருடைய அரசு ஓய்வூதியம் கேரர் சப்போர்ட் பேமெண்டைவிட, அதாவது 2025–26 தொகைப்படி 83.30 பவுண்டைவிட, அதிகமாக இருந்தால் கையில் ஒரு பென்ஸும் வராது. 'தகுதி இருக்கிறது, ஆனால் தொகை இல்லை' என்று கடிதம் வரும். பலர் அதை நிராகரிப்பு என்று எண்ணிக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கடிதத்துக்குத்தான் விலை. அதைக் காட்டினால் பென்ஷன் கிரெடிட் கணக்கில் 2025–26 தொகைப்படி வாரம் 46.40 பவுண்ட் கேரர் கூடுதலாகச் சேரும். நேற்றுவரை பென்ஷன் கிரெடிட்டுக்குச் சற்று மேலே இருந்தவர் இதனால் உள்ளே வரலாம். தமிழ் முதியவர்கள் விஷயத்தில் உங்கள் மேசை செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, 'இந்தக் கடிதத்தை எறியாதீர்கள் ஐயா' என்று சொல்வதுதான்.

இப்போது உங்கள் கேள்விகள். ஸ்கொட்லாந்தில் ஆலோசனை நிறுவனங்களுக்குத் தேசியத் தரநிலை ஒன்று இருக்கிறது. அதில் வேலையை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். தகவல் சொல்லி சரியான இடத்துக்கு அனுப்புவது முதல் வகை. ஒருவருடைய வழக்கை எடுத்து, கணக்குப் பார்த்து, அவர் சார்பில் எழுதுவதும் பேசுவதும் இரண்டாவது. தீர்ப்பாயத்தில் போய் வாதாடுவது மூன்றாவது. உங்கள் மேசை முதல் வகையைத் துப்புரவாகச் செய்யட்டும். 'போடலாமா' என்ற கேள்வி இரண்டாவது வகை. அதற்கு ஆண்டுதோறும் மாறும் தொகைகளைத் தெரிந்த, மேற்பார்வை உள்ள, தொழில் காப்பீடு உள்ள ஆள் வேண்டும். சங்கத்தின் பொதுக் காப்பீடு மண்டபத்தில் யாராவது வழுக்கி விழுந்தால் உதவும், தவறான ஆலோசனைக்கு உதவுமா என்று பாலிசியை எடுத்து வாசியுங்கள். பயிற்சி வேண்டுமென்றால் சிபேக் என்று சொல்கிறோமே, சைல்ட் பாவர்ட்டி ஆக்ஷன் குரூப், அவர்கள் ஸ்கொட்லாந்தில் ஆலோசகர்களுக்கும் முன்னணியில் வேலை செய்கிறவர்களுக்கும் வகுப்பு நடத்துகிறார்கள். சந்தேகம் கேட்கத் தொலைபேசிச் சேவையும் உண்டு.

விசா விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கேரர் சப்போர்ட் பேமெண்ட் 'பப்ளிக் ஃபண்ட்ஸ்' (அரசுப் பண உதவிகள்) பட்டியலில் இருக்கிறது. விசாவில் அவற்றை வாங்கக் கூடாது என்ற தடை உள்ளவர் விண்ணப்பித்தால் அவருடைய குடிவரவு நிலையே பாதிக்கப்படலாம். அதனால் வாசலில் கேட்க வேண்டிய கேள்விகளில் அதுவும் ஒன்று. ஆனால் 'உங்கள் விசாவுக்கு இது பரவாயில்லை' என்று நீங்கள் சொல்லாதீர்கள். குடிவரவு ஆலோசனை சொல்வது 1999 சட்டப்படி வழக்கறிஞர்களுக்கும் பதிவு பெற்றவர்களுக்கும் மட்டும் உரியது, பதிவில்லாமல் சொல்வது குற்றம். இலவசமாகச் சொன்னாலும் அப்படித்தான். பதிவு பெற்றவரிடம் அனுப்பிவிடுங்கள். அந்தக் குடும்பம் கேரர்ஸ் சென்டரின் உதவியைப் பெறுவதற்கு இந்தத் தடை பொருந்தாது, அதையும் சொல்லி அனுப்புங்கள்.


நூலகமாடி (எடின்பரோ):

நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே ஒரு கல்லூரியின் மாணவர் சேவைப் பிரிவில் வேலை செய்கிறேன். சணல்நகர் அக்கா சொன்னதோடு மாணவர்கள் விஷயத்தையும் சேர்க்கிறேன், ஏனென்றால் தமிழ்க் குடும்பங்களில் அம்மா அப்பாவைப் பார்ப்பது பல நேரம் படிக்கிற பிள்ளைதான்.

பழைய கேரர்ஸ் அலவன்ஸில் வாரம் 21 மணிநேரமோ அதற்கு மேலோ படித்தால் கிடையாது. கேரர் சப்போர்ட் பேமெண்டில் அது மாறிவிட்டது. 20 வயதும் அதற்கு மேலும் என்றால் முழுநேரப் படிப்பில் இருந்தாலும் வாங்கலாம். 16 முதல் 19 வரை என்றால் பல்கலைக்கழகப் படிப்பு, ஹெச்என்சி, ஹெச்என்டி மாதிரி உயர்நிலைப் படிப்பில் இருக்க வேண்டும். பள்ளியில் இருக்கிற அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சில விதிவிலக்குகள் தவிர இது கிடைக்காது. ஆனால் 16, 17, 18 வயதுக்காரர்களுக்கு யங் கேரர் கிராண்ட் இருக்கிறது, 2025–26-இல் 390.25 பவுண்ட், வருடத்துக்கு ஒரு முறை.

இதனால் எங்களுக்கு என்ன ஆனது என்றால், பர்சரி (படிப்பு உதவித்தொகை), விடுதி, தேர்வு நேரம் என்று பார்த்துக்கொண்டிருந்த பிரிவுக்குத் திடீரென்று பெனிபிட் கேள்விகள் வர ஆரம்பித்தன. 'உனக்கு வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறதா' என்று சேர்க்கைப் படிவத்திலேயே கேட்கிறோம். கேட்டுவிட்டு அப்படியே விட முடியாதே. பக்கத்து கேரர்ஸ் சென்டரோடு பேசி, அவர்களில் ஒருவர் குறிப்பிட்ட நாளில் எங்கள் கட்டடத்துக்கே வந்து உட்காருகிற மாதிரி ஏற்பாடு செய்தோம். மாணவர் அங்கே இங்கே அலைய வேண்டாம். நாங்களும் தெரியாத கணக்கைப் போட வேண்டாம். உங்கள் மண்டபத்துக்கும் அவர்களை வரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள் அக்கா. நீங்கள் தமிழைக் கொடுங்கள், அவர்கள் கணக்கைக் கொடுக்கட்டும்.

வெளிநாட்டு மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கேரர் சப்போர்ட் பேமெண்ட் பொருந்தாது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.


கரையோரம் (ஃபைஃப்):

நான் ஆலோசகன் இல்லை. மனைவிக்கு பார்க்கின்சன், நான்தான் பார்க்கிறேன். மேசைக்கு மறுபக்கத்தில் இருந்து ஒன்று சொல்லலாமா?

எனக்கு உதவிய இடத்தில் அந்தப் பெண் முதலில் காசைப் பற்றிக் கேட்கவில்லை. 'இரவில் எத்தனை முறை எழும்புகிறீர்கள்?' என்று கேட்டாள். கட்டிலில் திரும்பப் படுக்க வைக்க, கழிப்பறைக்குக் கூட்டிப் போக, கனவில் பயந்து கத்தும்போது பக்கத்தில் இருக்க என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். அதுவரை நான் 35 மணிநேரம் வராது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சமைப்பதும் துவைப்பதும் வீட்டு வேலைதானே, அதையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். அவருக்காகச் செய்வதும், அவரைத் தனியே விட முடியாமல் கண்காணித்துக்கொண்டிருப்பதும் சேரும் என்றாள்.

அப்புறம் அவள் கவுன்சிலின் அடல்ட் கேரர் சப்போர்ட் பிளான் பற்றிச் சொன்னாள். எனக்கு என்ன தேவை என்று என்னையே கேட்டு எழுதுகிற திட்டம். அதன் மூலம்தான் எனக்கு வாரத்தில் ஒரு பிற்பகல் ஆள் வருகிறது, நான் வெளியே போய் நடந்துவிட்டு வருகிறேன். காசுக்காகப் போனவனுக்கு அதுதான் பெரிதாக இருந்தது. உங்கள் மேசைக்கு வருகிறவர்களுக்கு இதையும் சொல்லுங்கள் தங்கச்சி. காசு கிடைக்காது என்று தெரிந்தாலும் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்.


தெற்குக்கரை (கிளாஸ்கோ):

கரையோரம் அண்ணா, மிகவும் நன்றி. அந்த இரவுக் கேள்வியை நாங்களும் இனிக் கேட்போம்.

சணல்நகர் அக்கா, அந்த 82.90 கணக்கை நேற்று இரவே எங்கள் கணக்காளரிடம் காட்டினேன். பென்ஷன் கிரெடிட்டில் இருக்கிற தனி முதியவர்கள் எங்களிடம் நிறையப் பேர், ஆகவே இனி கேரர்ஸ் சென்டரில் கணக்குப் பார்க்காமல் எந்த விண்ணப்பமும் எங்கள் மேசையில் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு விஷயம் மட்டும் இன்னும் கேட்க வேண்டும். பலர் கடைகளிலும் துப்புரவு வேலையிலும் மணிக்கணக்குச் சம்பளத்தில் இருக்கிறார்கள், சம்பளம் வாரத்துக்கு வாரம் மாறும். அவர்களுக்கு என்ன எச்சரிக்கை சொல்வது? மற்றது, காசு கேட்பது பற்றி யாரும் சொல்லவில்லையே?


சணல்நகர் (டண்டீ):

சம்பள எல்லை 2025–26-இல் வாரம் 196 பவுண்டாக இருந்தது. வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ், ஓய்வூதியத்துக்குக் கட்டுவதில் பாதி போக மிச்சம்தான் கணக்கு. குறைந்தபட்சச் சம்பளத்தில் 16 மணிநேரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லையை ஒரு பவுண்ட் தாண்டினாலும் அந்த வாரத்துக்கான முழுத் தொகையும் போய்விடும், படிப்படியாகக் குறைவதில்லை. பழைய அலவன்ஸில் இதே விதியால் ஆயிரக்கணக்கான கேரர்கள் பெரிய கடனில் மாட்டிய கதை 2024-இல் பிரிட்டன் முழுவதும் பேசப்பட்டது. தெரியாமல் சில பவுண்ட் கூட வாங்கியதற்கு வருடக்கணக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு ஓவர்டைம் செய்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டை எறிய வேண்டாம், மாற்றம் வந்த வாரமே சோஷியல் செக்யூரிட்டி ஸ்கொட்லாந்துக்குச் சொல்ல வேண்டும். அங்கே தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், காசு இல்லை. வீட்டுக்கே வந்து உதவுகிற அவர்களுடைய ஊழியர்களும் ஒவ்வொரு பகுதியிலும் இருக்கிறார்கள். இதெல்லாம் உங்கள் சுமையைக் குறைக்கும், தயங்காமல் அந்த வழியைக் காட்டுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதை மெதுவாக நிறுத்துங்கள். அப்பாவின் கழிப்பறைத் தேவையைப் பன்னிரண்டு வயது மகள் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதில்லை.

முடிவு பிடிக்காவிட்டால் மறுபரிசீலனை கேட்க 42 நாள் இருக்கிறது. கடிதம் வந்த தேதியைக் கவரிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த வேலையை எங்களைப் போன்றவர்களிடம் அனுப்புங்கள், ஆனால் நாள் கடக்குமுன் அனுப்புங்கள். நாற்பதாவது நாளில் வருகிற கடிதங்களைப் பார்த்து எனக்கு வயிறு எரியும்.

காசு. 2016-ஆம் ஆண்டுக் கேரர்ஸ் சட்டம் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கேரர்களுக்குத் தகவல், ஆலோசனைச் சேவை வைத்திருப்பது ஒவ்வொரு கவுன்சிலுக்கும் கடமை. வருமானத்தைக் கூட்டுவது பற்றிய ஆலோசனையும் அதற்குள் வரும். அதைப் பெரும்பாலும் கேரர்ஸ் சென்டர்கள் வழியாகத்தான் செய்கிறார்கள். ஆகவே நேரே கவுன்சிலிடம் 'எங்களுக்குக் கொடுங்கள்' என்று போவதைவிட, சென்டரோடு சேர்ந்து போங்கள். தமிழ்க் குடும்பங்களை அவர்களால் எட்ட முடியவில்லை, உங்களால் முடிகிறது. அவர்கள் ஒப்பந்தத்துக்குள் உங்கள் மண்டபத்தில் மாதம் இரண்டு சனிக்கிழமை அமர்வு, மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம், தொண்டர்களுக்குப் பயிற்சி என்று எழுதிக் கேளுங்கள். தொண்டர் இலவசமாக வருகிறார் என்பதால் அந்த வேலைக்குச் செலவே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் துறை முழுவதும் இதுதான் நடக்கிறது. புதிய பெனிபிட்டுக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், கேரருக்குப் போகிறது, மிக நல்லது. அதை விளங்கப்படுத்தி, கணக்குப் பார்த்து, தவறு வந்தால் எதிர்த்து எழுதுகிறவர்களின் நேரம் அதே அளவில் கூடவில்லை. 2025 ஏப்ரல் 22 முதல் முதியவர்களுக்கான பென்ஷன் ஏஜ் டிஸ்எபிலிட்டி பேமெண்டும் நாடு முழுவதும் வந்துவிட்டது. அதை வாங்குகிற ஒவ்வொரு முதியவருக்கும் பின்னால் ஒரு கேரர் இருப்பார், அவரும் உங்கள் மேசைக்கு வருவார். அதனால் வருகிற ஒவ்வொருவரையும் பெயர் இல்லாமல் எண்ணிக்கையாகக் குறித்து வையுங்கள். என்ன கேட்டார், எங்கே அனுப்பினீர்கள், எவ்வளவு நேரம் எடுத்தது. கவுன்சில் கூட்டத்தில் அந்தத் தாள்தான் பேசும்.


தெற்குக்கரை (கிளாஸ்கோ):

சென்டர் மேலாளருக்கு இன்று எழுதிவிட்டேன். மண்டபத்தில் ஒட்ட ஒரு அறிவிப்பும் எழுதினேன், பார்த்துச் சொல்லுங்கள்: 'கேரர் காசுக்கு விண்ணப்பிக்க உதவுகிறோம். எல்லாக் கடிதங்களையும் போனில் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பவும்.'


சணல்நகர் (டண்டீ):

இரண்டு வரியையும் மாற்றுங்கள். மருத்துவ விவரம், வங்கி எண் எல்லாம் தொண்டர்களின் சொந்தப் போனில் சேரக் கூடாது. நாளைக்கு ஒரு போன் தொலைந்தால் அத்தனை குடும்பங்களின் விவரமும் போகும், தரவுப் பாதுகாப்புச் சட்டப்படியும் அது சங்கத்தின் தலையில்தான் விழும். 'விண்ணப்பிக்க உதவுகிறோம்' என்றும் போடாதீர்கள், வருகிறவர்கள் அன்றைக்கே படிவம் போட வேண்டும் என்று நிற்பார்கள். இப்படிப் போடுங்கள்: 'வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறீர்களா? விண்ணப்பிக்குமுன் எங்களிடம் வாருங்கள். உங்களுக்கு வந்த கடிதங்களோடு, அவருக்கு வந்த கடிதங்களையும் கொண்டுவாருங்கள். அவரும் வர முடிந்தால் கூட்டி வாருங்கள்.' கீழே, கேரர்ஸ் சென்டர் ஆலோசகர் வருகிற சனிக்கிழமைகளின் தேதி, அது உறுதியானதும்.